கல்யாண வீட்டுக் கரி அடுப்பைக் கடையாக்க நினைப்பவர்களுக்கு

கேட்டரிங்கில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். முந்நூறு பேர் என்றால் முந்நூறு பேருக்குக் கோழி சொல்லி, முந்தின நாளே மசாலா தடவி, சாயங்காலம் ஆறு மணிக்குக் கரி பற்றவைத்தால், ரிசப்ஷனில் எட்டு மணிக்கு முதல் தட்டு போய்விடும். பாதிப் பணம் அட்வான்ஸாகக் கைக்கு வந்திருக்கும். கடையில் இந்த மூன்றுமே கிடையாது. தலைக்கணக்கு தெரியாது, வருகிற நேரம் தெரியாது, அட்வான்ஸும் இல்லை. ஆனால் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

நானும் தம்பியும் திருநெல்வேலி பாளையங்கோட்டையில் பார்பிக்யூ கேட்டரிங் நடத்துகிறோம். கரி அவன் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு. இப்போது பெருமாள்புரம் பக்கம் நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற கடையும் நடக்கிறது. கேட்டரிங் பண்ணுகிற பையன்கள் பலர் "அக்கா, கடை போடலாமா?" என்று கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் நேரில் சொல்வதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் அடுப்புக் கணக்கு

கடை பார்க்கப் போகும் முன்பு, வாடகை பேசும் முன்பு, இந்தக் கணக்கை ஒரு தாளில் போடுங்கள். உங்கள் அடுப்பு ஒரு மணி நேரத்தில் எத்தனை தட்டு கொடுக்கும்?

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள கம்பி அடுப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு இடத்தைச் சூடு குறைவான பக்கமாக விட்டுவிட்டால், ஒரு தடவைக்குச் சுமார் இருபது லெக் பீஸ் அடுக்கலாம். எலும்போடு இருக்கும் துண்டு மிதமான தணலில் வேக முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் ஆகும். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு முப்பது துண்டு. நாற்பது நாற்காலி போட்ட கடையில் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு எல்லா டேபிளும் நிறைந்தால், இருபது நிமிடத்துக்குள் நாற்பது துண்டு கேட்பார்கள். அடுப்பு கொடுக்காது.

ஜங்ஷன் பக்கம் ரொம்ப காலமாக ஹோட்டல் நடத்தும் ஒரு அண்ணாச்சி என்னிடம் சொன்னது: "தங்கச்சி, கல்யாண வீட்டுல வந்தவன் பந்திக்குக் காத்துக் கிடப்பான். காசு குடுத்துத் திங்க வந்தவன் தண்ணி டம்ளரையே எத்தன நேரம் பாத்துக்கிட்டு இருப்பான்?"

இதற்கு வழி, அடுப்பை இரண்டாகப் பிரிப்பது. முதல் அடுப்பு மெதுவானது. கோழியை அதில் முழுதாக வேக வைத்துவிட வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானியை எலும்பில் படாமல் தடித்த சதைக்குள் இறக்கினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். வெந்த துண்டுகளை மூடியுள்ள சூட்டுப் பெட்டியில் 65 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருங்கள். இரண்டாவது அடுப்பில் தணல் கனன்றுகொண்டிருக்கும். ஆர்டர் வந்ததும் துண்டை எடுத்து மேல்மசாலா தடவி, அதில் ஐந்தாறு நிமிடம் போட்டால் ஓரம் கருகி, வாசம் ஏறித் தட்டுக்கு வந்துவிடும்.

சிலர் பாதி வேகவைத்து வெளியே வைத்துவிட்டு, ஆர்டர் வந்ததும் மீதியை வேகவைப்பார்கள். அதைச் செய்யவே கூடாது. அரைவேக்காட்டில் வெளியே கிடக்கும் கோழியில் கிருமி பெருகும். கல்யாண வீட்டில் அடுப்பிலிருந்து நேரே தட்டுக்குப் போவதால் இந்த ஆபத்து அவ்வளவாகத் தெரியாது, கடையில் மணிக்கணக்கில் நிற்கும். சூட்டுப் பெட்டியில் இருப்பதையும் ரொம்ப நேரம் வைத்திருந்தால் சதை நார் நாராகிவிடும். அதனால் எட்டு மணிக் கூட்டத்துக்கு ஆறரைக்கு ஒரு அடுக்கு, ஏழே காலுக்கு ஒரு அடுக்கு என்று சின்னச் சின்னதாக ஏற்ற வேண்டும்.

இந்தக் கணக்குதான் நாற்காலி எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். இடம் இருக்கிறதே என்று அறுபது நாற்காலி போடாதீர்கள். அடுப்பு தாங்குகிற அளவுக்குத்தான் நாற்காலி. எங்கள் கடையில் இன்னும் ஐந்து டேபிள் போட இடமிருக்கிறது. போடவில்லை, போடவும் மாட்டோம்.

ஞாயிறு மட்டும் நடத்திப் பாருங்கள்

கேட்டரிங் சமையல்கூடத்தின் வாசலிலேயே வாடகைப் பாத்திரக் கடையில் நாலு டேபிள் எடுத்துப் போட்டு, முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சாயங்காலம் நடத்துங்கள். இரண்டு விஷயங்களை ஒரு நோட்டில் எழுதினால் போதும். ஆர்டர் சொன்னதிலிருந்து தட்டு வரும் வரை எத்தனை நிமிடம், எந்த ஐட்டம் எத்தனை மணிக்குத் தீர்ந்தது. கல்யாண வீட்டில் எல்லோரும் விரும்பி எடுக்கும் சீக் கபாப் காசு கொடுத்து வாங்கும்போது ஓடாமல் போகலாம். ஓரமாக வைத்திருந்த மீன் ஓடலாம். ஓசியில் எடுப்பதும் காசுக்குக் கேட்பதும் ஒன்றில்லை. அதை நோட்டு காட்டிக் கொடுக்கும்.

இப்படி நடத்தும் முன்பு உணவுப் பாதுகாப்பு உரிமத்தைப் பாருங்கள். அது ஒரு முகவரிக்கு, அந்த முகவரியில் செய்யும் தொழில் வகைக்குத்தான் செல்லும். கேட்டரிங் என்று மட்டும் வாங்கியிருந்தால் உணவகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடை வேறு இடத்துக்குப் போகும்போது அங்கே தனி உரிமம் வேண்டும்.

இடமும் புகையும்

கேட்டரிங்கில் மண்டபத்துக்குப் பின்னால் திறந்த வெளியில் நின்று சுடுகிறோம். புகை அதுபாட்டுக்குப் போகும். கடையில் புகைதான் முதல் எதிரி. பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் துணி காயப்போட்டிருப்பார். அவரோடு மனத்தாங்கல் வந்துவிட்டால் என்ன ருசியாகச் சுட்டும் பிரயோஜனமில்லை.

நம்ம சீமையில் காற்றின் திசையைப் பார்த்து இடம் எடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும் வேகம் உங்களுக்கே தெரியும். கயத்தாறு பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. அந்த மாதங்களில் கட்டடத்தின் மேற்குப் பக்கம் அடுப்பு இருந்தால் புகை முழுவதும் சாப்பிடும் ஹாலுக்குள் வரும். கிழக்குப் பக்கம் அடுப்பு, மேற்குப் பக்கம் ஹால் என்று அமைத்தால் வருஷத்தில் காற்று பலமாக இருக்கும் காலம் முழுவதும் நிம்மதி. ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பும்போது கொஞ்சம் தொல்லை இருக்கும். அதற்காகத்தான் புகைபோக்கியைப் பக்கத்துக் கட்டடத்தின் மாடிக்கு மேலே உயர்த்த வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலேயே "சிம்னி ஏற்றிக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். கரி அடுப்பை அடைத்த அறையில் எரிக்கக்கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ இல்லை. ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். புகையை வெளியே இழுக்கும் விசிறி இருந்தால் மட்டும் போதாது. அந்த அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். இரவு கடை மூடியபிறகு அணையாத தணல் இருக்கும் இடத்தில் யாரையும் படுக்க விடாதீர்கள். சாம்பலை மூடி போட்ட இரும்பு டின்னில் ஒரு நாள் முழுக்க ஆறவிட்டுத்தான் கொட்ட வேண்டும்.

கழுவுதண்ணீர் வெளியே போகும் வழியில் கொழுப்பைத் தடுத்து நிறுத்த ஒரு தொட்டி கட்டுங்கள். கோழிக் கொழுப்பு குழாயில் உறைந்து சாக்கடை அடைத்துக்கொண்டால் அந்த நாற்றத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவார்?

கரி

கேட்டரிங்கில் கிடைத்த கரியை வாங்கிச் சமாளித்துவிடலாம். கடைக்குத் தினம் ஒரே தரம் வேண்டும். நம்ம பக்கம் சுலபமாகக் கிடைப்பது உடைமரக் கரி, அதாவது சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டு எடுப்பது. தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் வட்டாரத்தில் நிறையப் போடுகிறார்கள். நல்ல சூடு தரும், ஆனால் பொறி பறக்கும். சிரட்டைக் கரி பொறி விடாமல் சீராக எரியும், சின்னத் துண்டாக இருந்தால் சீக்கிரம் தீர்ந்துபோகும். மெதுவான அடுப்புக்கு உடைமரக் கரியும், கடைசிச் சூடு காட்டும் அடுப்புக்குச் சிரட்டைக் கரியும் எங்களுக்குச் சரியாக இருக்கிறது.

மூட்டை வாங்கும்போது தம்பி செய்வதைப் பாருங்கள். மூட்டையின் அடியில் கைவிட்டு இரண்டு துண்டு எடுத்து ஒன்றோடொன்று தட்டுவான். கண்ணாடி மாதிரி 'கிணிங்' என்று சத்தம் வந்தால் நன்றாக வெந்த கரி. 'பொத்' என்றால் உள்ளே இன்னும் விறகாகவே இருக்கிறது அல்லது ஈரம் குடித்திருக்கிறது. அது புகையும். மூட்டையின் மேல் பகுதியைப் பார்த்து வாங்கினால் அடியில் தூள்தான் இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னாலேயே இரண்டு மாதத்துக்கான கரியை வாங்கித் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கிவிடுங்கள்.

என்ன போடுவது, எவ்வளவுக்குப் போடுவது

கல்யாண வீட்டில் பன்னிரண்டு வகை வைத்தால்தான் கௌரவம். கடையில் ஆறு போதும். கோழியில் இரண்டு, ஆட்டில் ஒன்று, மீனில் ஒன்று, பன்னீரும் காளானுமாக இரண்டு. கூட பரோட்டா, சால்னா, ஒரு சோறு. பிராய்லரைத் தினமும் போடலாம். நாட்டுக்கோழி தணலில் போட்டால் இறுகும். அதை முதலில் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, பிறகு நெருப்பில் காட்ட வேண்டும். வார இறுதியில் மட்டும் வைத்தால் கெட்டிக்காரத்தனம். மேலப்பாளையம் சந்தை செவ்வாய்க்கிழமை. ஆடு வாங்குகிறவர்கள் அந்த வாரத் தேவையை அதையொட்டிப் போட்டுக்கொள்ளலாம். மீன் தூத்துக்குடியிலிருந்தோ உவரியிலிருந்தோ வருவதைப் பொறுத்து. எது வந்ததோ அதைப் பலகையில் எழுதுங்கள். மெனு அட்டையில் மீன் பெயரை அச்சடித்துவிட்டு இல்லை என்று சொல்லாதீர்கள்.

இஸ்லாமியக் குடும்பங்கள் நிறைய வருகிற ஊர் இது. ஹலால் முறையில் அறுத்த கறி எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று கேட்டால் உடனே சொல்லத் தெரிய வேண்டும். ஒரே கறிக்கடையில் தொடர்ந்து வாங்குவது இதற்கும் நல்லது, தரத்துக்கும் நல்லது.

விலை போடும்போது பச்சைக் கறியின் எடையை வைத்துப் போடாதீர்கள். சுட்டால் எடையில் கால்பங்குக்கு மேல் போய்விடும். உரித்த கோழி கிலோ 240 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ சுட்டபிறகு 720 கிராம்தான் நிற்கும். அப்படியானால் தட்டில் வைக்கும் நூறு கிராம் 33 ரூபாய். கால் கோழி சுட்டபின் 180 கிராம், கறிக்கு மட்டும் 60 ரூபாய். மசாலா, கரி, வெங்காயம், சட்னி, இலை எல்லாவற்றுக்கும் 25 ரூபாய் சேர்த்தால் 85. இந்தச் செலவு விற்கும் விலையில் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டக்கூடாது என்பது என் கட்டுப்பாடு. ஆக 213 ரூபாய்க்குக் குறைந்து விற்க முடியாது. "எதிர்க் கடையில் 180தானே" என்று நீங்களும் இறக்கினால், ஏவாரம் நடக்கும், கல்லாவில் காசு நிற்காது.

சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோழி சிவப்பாக இருக்க வேண்டும் என்று பவுடர் போடுவதை விட்டுவிடுங்கள். கர்நாடகத்தில் 2024 ஜூனில் கபாபில் செயற்கை நிறத்துக்குத் தடையே போட்டார்கள். காஷ்மீரி மிளகாயை ஊறவைத்து அரைத்தால் வரும் சிவப்பு போதும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் தமிழ்நாட்டில் ஓராண்டுத் தடை வந்தது. தடை இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், நம்ம வெயிலுக்கு அது ஆகாது. முட்டை சேர்க்காத வகை இருக்கிறது, அதைவிட நல்லதாகப் புதினாத் தயிர் இருக்கிறது.

இரண்டாவது கை

பலர் சறுக்குவது இங்கேதான். கேட்டரிங்கில் ஒரு மாஸ்டர், அவர் கைமணம், அவர் சொன்னால்தான் உப்பு. கடை திறந்தபிறகு முகூர்த்த நாளும் ஞாயிறும் ஒன்றாக வரும். மாஸ்டர் மண்டபத்துக்குப் போனால் கடையில் ருசி மாறும், கடையில் இருந்தால் மண்டபத்தில் பேர் கெடும். இரண்டாவது ஆளைத் தயார் பண்ணாமல் கடையைத் திறக்காதீர்கள்.

தயார் பண்ணுவது என்றால் பக்கத்தில் நிற்க வைப்பது மட்டும் போதாது. மாஸ்டர் கை அள்ளுகிற ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுத வேண்டும். தம்பி "ஒரு கை உப்பு" என்பான். அவன் அள்ளும்போதெல்லாம் நான் கிண்ணத்தை நீட்டி எடை போட்டு எழுதினேன். அவனுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பத்துக் கிலோ கோழிக்கு எத்தனை கிராம் உப்பு, எவ்வளவு இடித்த மிளகு, சீரகம், பூண்டு, எத்தனை மில்லி எலுமிச்சைச் சாறு, குளிர்ப்பெட்டியில் எத்தனை மணி நேரம் என்று சுவரில் ஒட்டினோம். நெருப்பைத்தான் எழுத முடியாது. கம்பிக்கு மேலே உள்ளங்கையைக் காட்டி, எத்தனை நொடி தாங்குகிறது என்று பார்த்துப் பழக வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களைக் கடை திறக்கும் முன்பே செலவிடுங்கள்.

கேட்டரிங்கில் ஆட்களுக்கு நாள்கூலி. கடைக்கு மாதச் சம்பளம், தங்க இடம், வார விடுமுறை. பத்துப் பேர் வேலை செய்தால் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு வரும், இருபது பேரானால் பிஎஃப் சேமநிதி. இதையும் சம்பளத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள். சப்ளையர்கள் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார நாற்காலி போடுங்கள். தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டமாகிவிட்ட விஷயம் இது. சட்டம் இல்லாவிட்டாலும் நாள் முழுக்க நிற்கிறவர்கள் அவர்கள்.

காகிதங்கள்

மாநகராட்சித் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம், தீயணைப்புத் துறையிடம் என்ன தேவை என்ற விவரம், வணிக மின் இணைப்பு, 19 கிலோ சிலிண்டர் இணைப்பு, ஜிஎஸ்டி. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும், ஆட்களுக்கு வருஷாவருஷம் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். முன்கூட்டியே எடுத்து ஒரு ஃபைலில் வையுங்கள். கேட்டரிங்குக்கும் சாதாரண உணவகத்துக்கும் ஜிஎஸ்டி ஐந்து சதவீதம்தான். ஆனால் அடுப்புக்கும் சிம்னிக்கும் ஏசிக்கும் நாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, அதை முதலீட்டில் சேர்த்துவிடுங்கள். ஸ்விக்கி, சொமேட்டோ வழியாக வரும் ஆர்டருக்கு 2022 ஜனவரி முதல் அந்த நிறுவனங்களே ஜிஎஸ்டி கட்டுகின்றன. அந்த விற்பனையைத் தனிப் பத்தியில் எழுதினால் குழப்பம் வராது. பார்சலுக்குப் பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் 2019 முதல் தடையில் இருக்கின்றன. வாழையிலையும் அலுமினியத் தாளும் சுட்ட கறிக்கு நன்றாகவே இருக்கும்.

காலண்டரும் கையிருப்பும்

ஒரு தினசரி காலண்டரை எடுத்து உட்காருங்கள். முகூர்த்த நாட்களைப் பச்சையில் குறியுங்கள், அது கேட்டரிங் வருமானம். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, சஷ்டியைச் சிவப்பில் குறியுங்கள், அன்று கடையில் கறி மந்தமாக இருக்கும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள், பாளையங்கோட்டைப் பக்கம் தவக்காலம் அனுசரிக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள், எல்லாம் கணக்கில் வரும். ரம்ஜான் மாதத்தில் பகல் மந்தம், இரவு தொழுகைக்குப் பிறகு கூட்டம். அந்த மாதம் அடுப்பை இரவுக்குத் தள்ளுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் குற்றால சீசனும் கோயில் கொடைகளும் இருப்பதால் தென்காசி சாலையில் உள்ள கடைகளுக்குக் கை கொடுக்கும். மார்கழியிலும் மண்டபம் இல்லை, கல்லூரி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும்.

கடை திறக்க ஆவணியை எல்லோரும் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். திறந்து கூட்டம் பழகுவதற்குள் புரட்டாசி வந்துவிடும். தை நல்லது. பொங்கல் முடிந்து, பள்ளி விடுமுறை வரும் சித்திரைக்குள் கைகள் பழகிவிடும்.

கேட்டரிங்கை முதல் இரண்டு வருஷம் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். கடைக்கும் கேட்டரிங்குக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கடைக்குக் கொடுத்த கோழியைக் கேட்டரிங் கணக்கில் எழுதினால் இரண்டில் எது சம்பாதிக்கிறது என்பதே தெரியாமல் போகும். மண்டபத்துக்காரர் கொடுத்த அட்வான்ஸைக் கடை வாடகைக்குத் தொடாதீர்கள், அது இன்னும் நம் பணம் ஆகவில்லை. கடனுக்குப் போவதென்றால் உத்யம் எனும் சிறுதொழில் பதிவை முதலில் முடியுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. முத்ரா என்ற அரசின் சிறுதொழில் கடன் திட்டத்தில் புதிதாக வாங்குகிறவர்கள் பத்து லட்சம் வரை கேட்கலாம். ஆனால் தவணையைச் சித்திரை, வைகாசி வருமானத்தை வைத்துக் கணக்குப் போடாமல், மந்தமான மாதத்தின் வருமானத்தை வைத்துப் போடுங்கள்.

புரட்டாசி இரண்டுக்குமே மந்தம். மண்டபமும் இருக்காது, கறியும் ஓடாது. அந்த மாதத்துச் சம்பளத்தையும் வாடகையையும் வைகாசி முடியும்போதே எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். ஊருக்குப் போக வேண்டிய ஆட்களை அப்போது முறைவைத்து அனுப்புங்கள். கம்பிகளை மாற்றுவது, சூட்டுப் பெட்டி பழுது, கொழுப்புத் தொட்டி வாருவது எல்லாம் அந்த மாதத்தில். சிம்னிக்குள் படிந்த எண்ணெய்க் கசடைச் சுரண்டி எடுப்பதைப் புரட்டாசி வரைக்கும் தள்ளாதீர்கள். அது மாதாமாதம் செய்ய வேண்டியது. சிம்னித் தீ பிடிப்பது அந்தக் கசடில்தான்.